ஊர்வலத்துக்கு மறுநாள் மன்றம் என்ன செய்ய வேண்டும்?

நவம்பர் 25 நெருங்கினால் ஊருக்கு ஊர் ஆரஞ்சு நிறம் ஏறிவிடுகிறது. லயன்ஸ், ரோட்டரி, இன்னர் வீல், குடியிருப்போர் நலச்சங்கம், இளைஞர் நற்பணி மன்றம் என்று ஆளாளுக்கு ஏதாவது ஏற்பாடு செய்கிறார்கள். காலையில் ஊர்வலம், பேருந்து நிலையத்தில் உறுதிமொழி, மாலையில் ஒரு வழக்கறிஞரின் பேச்சு, பிறகு டீயும் சமோசாவும். பேனரில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பெரிதாகச் சிரிப்பார்கள். 181 என்ற மூன்று இலக்கப் பெண்கள் உதவி எண் மட்டும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், பேனரை அச்சடித்த கடையின் செல்போன் எண்ணைவிடச் சிறிதாக ஒரு மூலையில் கிடக்கும்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதும் உறுதிமொழி வாசிப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. டொமினிக்கன் குடியரசில் ட்ரூஹியோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960 நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக லத்தீன் அமெரிக்கப் பெண்கள் அனுசரித்து வந்த நாளை, 1999இல் ஐ.நா. பொதுச்சபை பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் சர்வதேச நாளாக அறிவித்தது. அன்று தொடங்கி மனித உரிமை நாளான டிசம்பர் 10 வரை பதினாறு நாள் இயக்கம் நடத்தும் வழக்கம் 1991இல் தொடங்கியது. ஆரஞ்சு நிறம் அதற்கும் வெகு பின்னால் வந்தது.

அந்தச் சகோதரிகளைக் கொன்றது ஓர் அரசு. நம் ஊரில் கை ஓங்குபவன் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29 சதவீதம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணி மாநிலம் என்று பெருமை பேசும் நாம் இதில் தேசிய சராசரியை விட மோசமாக இருக்கிறோம். அதைவிடச் சங்கடமான கணக்கும் அதே ஆய்வில் உண்டு. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். முக்கால்வாசிப் பேர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. உதவி தேடியவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்கு. அந்தப் பட்டியலில் போலீஸ் வெகு தூரத்தில் இருந்தது.

ஆகவே மன்றங்கள் பேச வேண்டியது அடிபடும் பெண்ணிடம் மட்டுமல்ல. அவள் யாரிடம் சொல்லக்கூடுமோ அவர்களிடமும் பேச வேண்டும். அக்கா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், குழந்தையின் டீச்சர், மருந்துக் கடைக்காரர். “அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, குழந்தைக்காகப் பொறுத்துப் போ” என்று இவர்களில் ஒருவர் முதல் தடவை சொல்லிவிட்டால், அந்தப் பெண் இரண்டாம் தடவை கேட்க மாட்டாள். ஊர்வலத்தில் நடப்பவர்களே பெரும்பாலும் இந்த அக்காவாகவும் அண்டை வீட்டுக்காரராகவும் இருக்கிறார்கள்.

அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு பயம் உண்டு. “நாம போய்ச் சொன்னா நாளைக்கு நம்ம மேலயே கேஸ் போடுவான்.” 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 4ஆவது பிரிவு இந்தப் பயத்துக்கே பதில் சொல்கிறது. வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமிருக்கும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர் மீது சிவில் வழக்கும் போட முடியாது, கிரிமினல் வழக்கும் போட முடியாது. என்னைக் கேட்டால், மன்றம் ஒரே ஒரு வரியைத்தான் அச்சடிக்க முடியும் என்றால் அச்சடிக்க வேண்டியது இதைத்தான்.

பிரேக்த்ரூ என்ற அமைப்பு 2008இல் இந்தியாவில் நடத்திய ‘பெல் பஜாவோ’ இயக்கம் இந்த அண்டை வீட்டுக்காரரை நோக்கித்தான் பேசியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய்க் காலிங் பெல்லை அழுத்து. ஒரு கப் பால் வேண்டும் என்று கேட்டாலும் போதும். வெளியே யாரோ கவனிக்கிறார்கள் என்பது தெரிந்தாலே ஓங்கிய கை ஒரு நிமிடம் நிற்கும். அந்த இயக்கத்தின் விளம்பரங்கள் ஆண்களை முன்னிறுத்தி எடுக்கப்பட்டவை என்பதும் முக்கியம். ஆண்களே உறுப்பினர்களாக இருக்கும் மன்றங்கள் இந்த விஷயத்தை மகளிர் அணியிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நிறைய இடங்களில் பார்க்கலாம். காலிங் பெல் இயக்கத்தில் அப்படி ஒதுங்க இடமில்லை.

இனி அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியவை. கை நீட்டினால்தான் வன்முறை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குடும்ப வன்முறைச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஆண் குழந்தை பெறவில்லை என்று இழிவாகப் பேசுவது, விருப்பமில்லாத உடலுறவுக்கு வற்புறுத்துவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது, நகையை அவளைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாம் அதில் அடக்கம். மனைவிக்கு மட்டுமான சட்டமும் அல்ல இது. மகன் கையால் அடிபடும் தாய், அண்ணன் வீட்டில் துன்புறும் தங்கை, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண் ஆகியோரும் இதன்கீழ் வரலாம்.

அடுத்தது வீடு. “இது எங்கம்மா பேர்ல இருக்கிற வீடு, வெளிய போ” என்ற மிரட்டலுக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் வாய் மூடி இருக்கிறார்கள். திருமணமாகி வந்து வாழ்ந்த வீடு மாமியார் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையை அவள் கோரலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்தில் பங்கு கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. சட்டப்படியான உத்தரவு இல்லாமல் அவளைத் தெருவில் இறக்க முடியாது என்பதே அர்த்தம். தேவைப்பட்டால் கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவு, ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, சீர்வரிசையைத் திரும்பப் பெறுவது எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. முதலில் போலீசுக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. நம்பி வந்து ஏமாந்தவள் மறுபடி வரமாட்டாள். அதனால்தான் மனுவோடு சேர்த்தே 23ஆவது பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு வராமலேயேகூட அதை நீதிமன்றம் வழங்கலாம். பாதுகாப்பு உத்தரவு இடைக்கால உத்தரவாக இருந்தாலும் அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் வர முடியாத குற்றம் அது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்; நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லாமல் யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொன்னால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அந்த ஏ.ஆர். காப்பிதான் பிறகு நீதிமன்றத்தில் பேசும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. பழைய 498ஏ தான் எண் மாறி வந்திருக்கிறது. எங்கள் எல்லை இல்லை என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாலியல் வன்கொடுமைக்கோ ஆசிட் வீச்சுக்கோ ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தந்தாக வேண்டும், மறுப்பது குற்றம்.

நல்ல எண்ணத்தோடு இயங்கும் மன்றங்களே கெடுத்துவிடும் இடங்களும் உண்டு. “இத்தனை நாள் ஏன் பொறுத்தே, உடனே வெளிய வந்துடு” என்று மேடையில் முழங்குவது சுலபம். அவள் பிரிந்து போக முடிவெடுக்கும் நேரமும், போன பிறகு வரும் சில வாரங்களும்தான் உயிருக்கு ஆபத்து அதிகம் என்று இத்துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கழுத்தை நெரித்தான், கொன்றுவிடுவேன் என்றான், பின்தொடர்ந்து வருகிறான் என்று அவள் சொன்னால் அதைச் சாதாரணக் குடும்பச் சண்டையாக எண்ணிவிடக் கூடாது. எப்போது கிளம்புவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றின் நகலையும் கொஞ்சம் பணத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கச் சொல்லலாம். 181க்குப் பேசிய பிறகு கால் பட்டியலில் அந்த எண்ணை அழிக்கச் சொல்ல வேண்டும். துண்டுப் பிரசுரம் அச்சடிக்கும்போதும் இதே கவனம் தேவை. ‘கணவன் அடிக்கிறானா?’ என்று கொட்டை எழுத்தில் போட்ட தாளை ஒரு பெண் வீட்டுக்கு எடுத்துப் போனால் அன்றிரவே அடி விழலாம். மகளிர் கழிப்பறைக் கதவின் உட்புறம், அங்கன்வாடியில் கொடுக்கும் காலண்டரின் பின்பக்கம், மருந்துக் கவர் இவையெல்லாம் நோட்டீஸைவிட நல்ல இடங்கள்.

இரண்டாவது ஆபத்து கட்டப்பஞ்சாயத்து. மன்றத் தலைவர் செல்வாக்கானவர். இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவனை மன்னிப்புக் கேட்க வைத்து, அவளை அனுப்பிவைத்துவிட்டு, ‘ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம்’ என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடுவார். அடிப்பவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவள் உண்மையைச் சொல்வாளா? கவுன்சலிங் தேவைப்பட்டால் அதற்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்த வேலையை மன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

மூன்றாவது, செல்போன் கேமரா. உதவி பெற்ற பெண்ணைத் தையல் மெஷினோடு நிற்கவைத்து வாட்ஸ்அப்பில் போடுவதை இனியாவது விட்டுவிடுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. ஆளானவர் குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். அந்தச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதும் குற்றம்.

மன்றம் நிஜமாகவே கை கொடுக்க விரும்பினால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10ஆவது பிரிவில் வழி இருக்கிறது. பெண்களின் உரிமைகளைப் பாதுகாப்பதை நோக்கமாகக் கொண்ட, சட்டப்படி பதிவு செய்த தன்னார்வச் சங்கம் ‘சேவை வழங்குநர்’ என்று மாநில அரசிடம் பதிவு செய்துகொள்ளலாம். பதிவான பிறகு, பெண் விரும்பினால் சம்பவ அறிக்கையை அந்தச் சங்கமே எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். தங்குமிடம் ஏற்பாடு செய்யலாம். அவ்வளவு பொறுப்பு வேண்டாம் என்று நினைக்கும் சிறிய மன்றம், இரண்டு பெண் உறுப்பினர்களை நீதிமன்றத்துக்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் துணைக்கு அனுப்பினாலே பெரிய காரியம். தனியாகப் போய் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மனுவைக் கொடுக்காமலேயே திரும்பும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நிலைமை வேறு.

மன்றத்துக்குள்ளேயும் ஒரு பார்வை வேண்டும். மனைவியை அடிப்பவர் என்று ஊரே அறிந்த ஒருவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு, கீழே பெண்களை உறுதிமொழி எடுக்கச் சொன்னால் யார் நம்புவார்கள்? நன்கொடை பெரிது என்பதற்காக அவரை உறுப்பினராக வைத்துக்கொள்ளும் மன்றம் ஊர்வலத்தை ரத்து செய்துவிடலாம்.

செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் யார், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று உறுப்பினர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், நவம்பர் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு ஒருவரை அனுப்பி, பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கி வாருங்கள்.