கீச்சிடும் பெல்ட் சொல்லும் குறை

பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி, மெட்டுகூடா பக்கம் வசிக்கும் நம்மவர்களில், பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு; குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வைத்திருப்பவர்களும் உண்டு. அம்பாசிடர், மாருதி 800 ஆகியவற்றின் உற்பத்தி 2014-இல் நின்று விட்டது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே நின்று போயிற்று. ஆயினும் இவற்றில் சில இன்னும் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன.

இந்த வண்டிகளுக்குப் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'கீச்' என்று ஒரு கூச்சல். சில நாட்களில் பெல்ட் அறுந்து வண்டி நடுவழியில் நின்று விடும். உடனே ராணிகஞ்ச் சென்று புது பெல்ட் வாங்கி மாட்டுகிறோம். மூன்று மாதத்தில் அதுவும் அறுந்தால், சரக்கு மட்டம் என்கிறோம். பெரும்பாலும் குற்றம் பெல்ட்டின் மீது இல்லை.

பெல்ட்டின் வேலை என்ன?

என்ஜின் சுழற்சியை வாங்கி வாட்டர் பம்பையும், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் சுற்றுவதே அதன் வேலை. அம்பாசிடரில் ரேடியேட்டர் விசிறியும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. மதுரையில் தயாராகும் ஃபென்னர் வி-பெல்ட்டைப் பலர் அறிவார்கள். இந்த 'வி' வடிவில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெல்ட்டின் இரு பக்கங்களும் புல்லியின் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அடிப்பாகம் பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. பிடி நழுவினால் சத்தம் வரும், சூடு ஏறும். சூட்டில் ரப்பர் இறுகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். பிறகு இன்னும் அதிகமாக நழுவும்.

காது கொடுத்துக் கேளுங்கள்

ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஹெட்லைட் போட்டதும் நீளமாகக் கீச்சிட்டால், பெல்ட் தளர்ந்திருக்கலாம். அந்நேரங்களில் ஆல்டர்னேட்டருக்குச் சுமை அதிகம். 'கிச் கிச்' என்று தாளம் போட்டாற்போல் கேட்டால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். உறுமல் கேட்டால் பேரிங்கைப் பாருங்கள்.

கால் மணி நேரச் சோதனை

என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து விடுங்கள், சூடு ஆறட்டும். இரு புல்லிகளுக்கு இடையே பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். பழைய வண்டிகளில் சுமார் அரை அங்குலம் அமுங்கினால் சரி. பின்பு பெல்ட்டைக் கழற்றி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம், கரகரப்பு, இறுக்கம் இருந்தால் அந்த பேரிங்தான் பெல்ட்டைத் தின்கிறது. நேரான கம்பி ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்தால் கோணல் தெரியும். பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து விட்டது. என்ஜின் முன்புறம் ஆயில் கசிந்தால் அதை முதலில் அடையுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிக் கெட்டு விடும்.

செய்யக் கூடாதவை

சத்தம் அடங்க சோப்பு, மெழுகு தடவுகிறார்கள். சத்தம் சிறிது நேரம் அடங்கும். பிறகு புழுதி ஒட்டிக் கொள்ளும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போய்விடும். புது பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல்கள் அறும். அந்த பெல்ட் சீக்கிரமே அறுந்து போகும். ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி மாட்டுவதே முறை. புது பெல்ட் சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் சற்று நெகிழும். அப்போது மறுபடி இறுக்க வேண்டும்.

ஹைதராபாத் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கர்னூல், அனந்தபுரம் வழியாகச் சேலம், மதுரை போகும்போது பெல்ட் அறுந்தால், சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும். உஷ்ண முள் ஏறும். உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம். அடுத்த ஊர் வரை ஓட்டி விடலாம் என்று துணிந்தால், என்ஜின் கொதித்து ஹெட் வளையலாம். சில நூறு ரூபாய் பெல்ட்டுக்காகப் பல மாதச் சம்பளம் போகும். அதே அளவுள்ள பெல்ட் ஒன்றும், பொருத்தமான ஸ்பேனரும் டிக்கியில் இருக்கட்டும்.