பழைய லேசர் பிரிண்டர் ஏன் உளறுகிறது?
விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் கலந்த அலுவலகத்தில் பழைய லேசர் பிரிண்டர் ஒன்றைப் பொதுவில் வைத்தால், ஒரு பக்கக் கடிதத்துக்குப் பதிலாகப் புரியாத குறிகள் நிறைந்த தாள்கள் வந்து விழுவதுண்டு. பழி பெரும்பாலும் கேபிள்மீது விழும். பிசகு, கணினி பிரிண்டருக்குக் கட்டளையிடும் மொழியில்.

எச்பி லேசர்ஜெட் 1984இல் பிசிஎல் மொழியோடு வந்தது. ஆப்பிள் லேசர்ரைட்டர் 1985இல் போஸ்ட்ஸ்கிரிப்டோடு. பிசிஎல் மட்டும் அறிந்த பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் போனால், ‘இங்கே கோடு போடு’ என்ற கட்டளையையே எழுத்தாக எண்ணி அச்சடித்துவிடும். முதல் தாளின் தலையில் ‘%!’ தெரிந்தால் நோய் இதுதான்.

மருந்து, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். லினக்ஸ் கணினி ஒன்றில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவி, பிரிண்டரை அதனோடு இணைத்தால் போதும். மற்றக் கணினிகள் ஐபிபி என்ற அச்சு நெறிமுறையில், வழக்கமாக 631ஆம் போர்ட் வழியாக, வேலையை அனுப்பும். கப்ஸ் அதைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றி வரிசையாகக் கொடுக்கும்.

இலங்கையின் நோட்டன் பிரிட்ஜ் போன்ற மழையூர்களில் மொழிக்குத் தொடர்பில்லாத இன்னொரு சிக்கலும் உண்டு. டோனர் தாளுக்குத் தாவுவது மின்னேற்றத்தால். ஈரம் ஏறிய தாளில் அந்த மின்னேற்றம் கசிந்து எழுத்து மங்கும், தாளும் சுருளும். அதற்கு டிரைவரை மாற்றிப் பயனில்லை. பிரித்த தாள்கட்டைப் பொலித்தீன் உறையில் இறுகக் கட்டி வைக்க வேண்டும்.