பழைய தனியார் விமானங்களில் எரிபொருள் தொட்டிக் கசிவு

எரிபொருள் தொட்டிக் கசிவு என்பது, பல ஆண்டுகள் பறந்த சிறு விமானங்களின் இறக்கைகளில் உள்ள தொட்டிகளிலிருந்து பெட்ரோல் மெல்ல வெளியேறும் பழுது ஆகும். இன்றும் பறந்துகொண்டிருக்கும் செஸ்னா, பைப்பர், மூனி வகைச் சிறு விமானங்களில் கணிசமானவை 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்டவை. எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்கலாம், கருவிகளை மாற்றலாம். தொட்டியோ பல விமானங்களில் இறக்கையோடு சேர்ந்தே முதுமையடைகிறது.

தொட்டியின் வகைகள்

பைப்பர் செரோக்கி போன்ற விமானங்களில் தொட்டி தனியான அலுமினியப் பெட்டி. திருகுகளைக் கழற்றி அதை வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். பழைய செஸ்னா 182 விமானங்களில் இறக்கைக்குள் ரப்பர் பை பொருத்தப்பட்டிருக்கும். மூனி எம்20 வரிசையின் உலோக இறக்கை விமானங்களில் தனித் தொட்டி என்று எதுவுமில்லை. இறக்கையின் தகடுகளும் உள்விட்டங்களும் சேர்ந்த அறையே தொட்டி. தகடுகள் சேரும் இடங்களிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் உட்புறத்தில் பாலிசல்பைடு என்னும் அடைப்புப் பசை (சீலண்ட்) பூசப்பட்டிருக்கும். எடை குறைவு, கொள்ளளவு அதிகம் என்பது இதன் நன்மை. ஆனால் எரிபொருளுக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்பது அந்தப் பசை மட்டுமே.

கசிவு ஏன் வருகிறது?

பசை முதலில் ரப்பர்போல வளைந்து கொடுக்கும். காலப்போக்கில் அது கெட்டியாகி, வெடித்து, தகட்டிலிருந்து பிரிகிறது. திறந்த வெளியில் வெயிலில் நிற்கும் விமானத்தில் இது விரைவாக நடக்கும். எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்ட விமானத்தில் பசை காய்ந்து சுருங்குவதும் உண்டு. அதனால் அதிகம் பறக்காத விமானம் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

அதிர்ச்சியும் ஒரு காரணம். மூனி விமானத்தின் முதன்மைச் சக்கரக் கால்கள் இறக்கையோடு இணைந்தவை. தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்குபவை ரப்பர் வட்டுகள். அந்த வட்டுகள் பழையதாகி இறுகிவிட்டால், ஒவ்வொரு தரையிறக்கத்தின் அடியும் இறக்கைக்குள் கூடுதலாகச் சென்று பசையைப் பிளக்கும். வட்டுகளை மாற்றாமல் தொட்டியை மட்டும் அடைப்பது பாதி வேலைதான்.

அடையாளம் காணுதல்

இவ்வகை விமானங்களில் பெருமளவு பயன்படும் 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். கசிந்த பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் தங்கிவிடும். எனவே இறக்கையின் அடியில் ரிவெட் வரிசையில் தெரியும் நீலக் கறையே முதல் அறிகுறி. தொட்டி நிறைந்திருக்கும்போது மட்டும் கசிந்தால் மேற்பகுதியையோ மூடியின் ரப்பர் வளையத்தையோ முதலில் பார்க்க வேண்டும். வளையத்தை மாற்றினாலே தீரும் பழுதுக்குத் தொட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தொழில்நுட்பர் கையேடு கசிவை நான்காகப் பிரிக்கிறது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, 30 நிமிடத்தில் மீண்டும் எவ்வளவு பரவுகிறது என்பதே அளவுகோல். விட்டம் முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் கறை. ஒன்றரை அங்குலம் வரை கசிவு. நான்கு அங்குலம் வரை மிகுகசிவு. சொட்டினாலோ வழிந்தாலோ ஒழுகல். ஒழுகும் விமானத்தைப் பறக்கவிடக் கூடாது.

எவ்வளவு கசிகிறது என்பதைவிட எங்கே கசிகிறது என்பது முக்கியம். திறந்த இறக்கையின் அடியில் உள்ள சிறு கறையைப் பதிவேட்டில் குறித்து, பெரிதாகிறதா என்று கவனித்து வரலாம். அதே அளவு பெட்ரோல் பயணியர் அறைக்குள்ளோ மின்கம்பிகள் செல்லும் மூடிய அறைக்குள்ளோ கசிந்தால், ஆவி தேங்கித் தீப்பற்றும். விமானி அறையில் பெட்ரோல் வாசனை வந்தால், வெளியே கறை தெரியாவிட்டாலும், காரணம் தெரியும்வரை பறக்கக் கூடாது.

சரிசெய்தல்

கறை தெரியும் ரிவெட்டின்மேல் வெளியிலிருந்து பசை பூசுவது பலர் செய்யும் தவறு. உள்ளே ஓரிடத்தில் நுழையும் பெட்ரோல் தகடுகளின் இடுக்கு வழியே ஓடி, சில அடி தள்ளி வெளிவரக்கூடும். வெளியே அடைத்தால் அது வேறு வழி தேடும். உண்மையான ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

முறையான வேலை உள்ளிருந்தே செய்யப்படுகிறது. விமானத்தைத் தரையோடு மின்னிணைப்புச் செய்து, பெட்ரோலை முழுதும் வடித்து, தொட்டியைக் காற்றோட்டமாக வைத்து, ஆவி நீங்கிய பிறகே உள்ளே கை நுழைய வேண்டும். வெற்றுத் தொட்டி பாதுகாப்பானது என்று எண்ணக் கூடாது. காற்றோடு கலந்த ஆவிதான் வெடிக்கிறது. சோப்பு நீரை வெளியே தடவி, உள்ளே மிகக் குறைந்த காற்றழுத்தம் கொடுத்தால் குமிழிகள் வெளிவரும் வழியைக் காட்டும். அழுத்தம் மிகுந்தால் தொட்டியே உருக்குலையும்.

பிறகு தளர்ந்த பழைய பசையைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இரு பகுதிகளைக் கலந்து செய்யும் புதுப் பசையைப் பூசுகின்றனர். இதில் ஏ வகை தூரிகையால் பூசுவது, பி வகை கெட்டியான களிம்பு. பி-2 என்றால் கலந்த பின் ஏறத்தாழ 2 மணி நேரம் வேலை செய்யலாம் என்று பொருள். தூய்மை குறைந்தால் புதுப் பசை ஒட்டாது. இப்பணியைத் தகுதி பெற்ற தொழில்நுட்பரே செய்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஒரு மூலையைச் சரிசெய்த சில மாதங்களில் அடுத்த மூலை கசிந்தால், பசை முழுவதுமே ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். அப்போது எல்லாவற்றையும் நீக்கி மறுபூச்சு செய்ய வேண்டும். செலவு அதிகம், ஆனால் பல ஆண்டுகள் தாங்கும். சிலர் மூனி இறக்கைக்குள் ரப்பர்ப் பைகளைப் பொருத்திக்கொள்கின்றனர். பைக்கும் தனிச் சிக்கல் உண்டு: அதன் மடிப்புகளில் நீர் தேங்கி, பறக்கும்போது எஞ்சினை அடையலாம். ரப்பர்ப் பை கொண்ட செஸ்னா விமானங்களுக்கு இதன் காரணமாகவே 1984-இல் அமெரிக்காவில் கட்டாய ஆய்வு ஆணை பிறப்பிக்கப்பட்டது.