உஷார்! முறிந்தது இடுப்பு, கவனம் மூச்சில் இருக்கட்டும்

மாரி பிறந்தால் தன்னாமுனையில் கிணற்றடியெல்லாம் பாசி. ஆச்சி சறுக்கி விழுந்தார், எழும்ப முடியவில்லை, ஒரு கால் கட்டையாகித் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்படியில் தொடையெலும்பு முறிந்திருக்கலாம். எலும்பைத் தகடும் ஆணியும் பொருத்தும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பயப்பட வேண்டியது நெஞ்சுக்கு.

மல்லாக்கக் கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. நோவுக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நியூமோனியாவாகும். அசையாத காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைக்கலாம்.

யாருக்கு இந்த நெஞ்சு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். ஸ்பெயின் வைத்தியர்கள் 2010இல் வெளியிட்ட ‘அரிஸ்கட்’ புள்ளிக்கணக்கு பல வகைச் சத்திரசிகிச்சைகளுக்கும் பொதுவானது. 80 வயது தாண்டினால் 16 புள்ளி. அவசர சத்திரசிகிச்சைக்கு 8. ஹீமோகுளோபின் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் 11. ஒரு மாதத்துக்குள் நெஞ்சில் கிருமித்தொற்று வந்திருந்தால் 17. இந்த நான்கையும் கூட்டினால் 52! 45 வந்தாலே ஆபத்து அதிகம். இரத்தத்தில் ஒட்சிசன் 90 சதவீதம் அல்லது அதற்குக் கீழே என்றால் இன்னும் 24.

இரத்தத்தையும் ஒட்சிசனையும் வைத்தியசாலை அளக்கும். போன மாதத்து இருமலை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

ஆகவே, கவனம்:

• எண்ணெய் போட்டுக் கட்டி நாள் கடத்தாதீர்கள். 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், காசு தேவையில்லை. அன்றே அல்லது மறுநாளே சத்திரசிகிச்சை என்பது இங்கிலாந்தின் வழிகாட்டல்.

• சுருட்டு, பீடி, குசினி விறகுப்புகை, முட்டு, இன்ஹேலர், இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசை: ஒன்றையும் மறைக்காதீர்கள்.

• படுத்தபடி கஞ்சி பருக்காதீர்கள், புரைக்கேறி நுரையீரலுக்குள் போகும். வைத்தியர் அனுமதித்தால் நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள்.

• நோவுக்கு மருந்து கேளுங்கள். நோவு குறைந்தால்தான் இருமலாம், ஆழ மூச்செடுக்கலாம். சத்திரசிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நடத்த வந்தால் தடுக்காதீர்கள்.

• மூச்சு வேகமானால், உதடு நீலம் பாரித்தால், திடீரெனப் பிதற்றினால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நியூமோனியா வரும். “வயசு போனா இப்பிடித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்.

விழுந்த பிறகு பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது. கடைசியாக எப்போது நெஞ்சுச்சளி வந்தது, என்ன மருந்து எடுத்தார், புகைப் பழக்கம் உண்டா என்று இன்றிரவே ஒரு துண்டில் எழுதி, ஆச்சியின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். அம்புலன்ஸில் ஏறும்போது அந்தக் கொப்பியும் ஏறட்டும்.