புகுந்த நாட்டின் மொழி – 6: ஐம்பது சொல் பரீட்சை

ஒரு தேசத்தில் குடியேற வருகிறவனை, அத்தேசத்தின் பொதுமொழியைக் கற்றே தீரவேண்டும் என்று சட்டத்தால் நிர்ப்பந்திப்பது நியாயமா என்ற கேள்வியை இத்தொடரின் ஆரம்பத்திலிருந்தே விசாரித்து வருகிறோம். 1917-ல் அமெரிக்கக் காங்கிரஸ், ஜனாதிபதி உட்ரோ வில்ஸனின் மறுப்பையும் மீறி நிறைவேற்றிய எழுத்தறிவுச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கடுமையான சட்டமே. ஆயினும், வருகிறவன் தனக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு மொழியில் வாசித்துக் காட்டினால் போதும் என்ற அளவிலாவது அதில் நேர்மை இருந்தது. இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் ஆஸ்திரேலியச் சட்டத்தில் அந்த நேர்மையும் கிடையாது. அப்படியிருந்தும், மொழியறியாமல் வந்திறங்கியவனுக்கு அரசாங்கமே ஆசிரியராக நிற்கும் உயர்ந்த முறையொன்றை வளர்த்ததும் அதே ஆஸ்திரேலியாதான் என்பதால், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் கேள்விக்கு மிகவும் அவசியமாகிறது.

இக்கதையின் வேர் ஆஸ்திரேலியாவில் இல்லை; தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்தில் இருக்கிறது. அந்த வேர் ஓடிய மண்ணில் நம்மவர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தம் செய்யப்பட்ட கூலியாட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களைப் பின்தொடர்ந்து, சொந்தச் செலவில் வந்து கடை வைத்த இந்திய வியாபாரிகள் பெருகவே, வெள்ளைக் குடிகளிடையே பொறாமையும் அச்சமும் மூண்டன. 1897 ஜனவரியில் கப்பலிலிருந்து இறங்கிய காந்தியடிகளை டர்பன் வீதியில் ஒரு கும்பல் தாக்கியதும் அந்தக் கொந்தளிப்பின்போதுதான். அதே ஆண்டில் நேட்டால் சட்டசபை, இனத்தையோ நிறத்தையோ ஓரிடத்திலும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல், ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவன் உள்ளே வரக்கூடாது என்று ஒரு சட்டம் செய்தது. இந்தியர்களும் சாம்ராஜ்யத்தின் பிரஜைகளே ஆகையால் அவர்களை வெளிப்படையாக விலக்குவது சங்கடம் என்று கருதிய குடியேற்ற நாட்டு மந்திரி ஜோசப் சேம்பர்லேன், அவ்வாண்டு லண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் பிரதமர்களுக்கு இந்த நேட்டால் உபாயத்தையே சிபாரிசு செய்தார்.

ஆறு குடியேற்றங்கள் ஒன்றுகூடி 1901-ல் ஆஸ்திரேலியா ஒரே தேசமானபோது, புதிய பார்லிமெண்ட் முதன்முதலாக நிறைவேற்றிய சட்டங்களுள் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒன்று. துறைமுகத்திலுள்ள அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசிப்பார். வந்தவன் அதைக் கேட்டுப் பிழையின்றி எழுத வேண்டும். எழுதத் தவறினால் அவன் தடைசெய்யப்பட்டவன். சிறையும் உண்டு, நாடுகடத்தலும் உண்டு. எந்த மொழியில் வாசிப்பது என்பதை அதிகாரியே தீர்மானிப்பார் என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆங்கிலம் நன்கு கற்ற ஓர் இந்தியனோ சீனனோ வந்தால் அவனுக்கு ஆங்கிலத்தில் பரீட்சை வைப்பதில்லை. அவன் வாழ்நாளில் கேட்டிராத ஒரு மொழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாயிற்று. முதலிரண்டு ஆண்டுகளில் இச்சோதனைக்கு உள்ளான 805 பேரில் தேறியவர்கள் 46 பேர். அடுத்த ஆறு ஆண்டுகளில் 554 பேரில் ஆறு பேர். 1909-க்குப் பிறகு, அச்சோதனை வைக்கப்பட்ட ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாதிருக்கவேண்டும் என்பதற்காகவே நடந்த பரீட்சையில் வேறு என்ன நடக்கும்?

இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகறியச் செய்தது ஈகோன் கிஷ் என்பவரின் வழக்கு. பிராகா நகரில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய இந்தப் பத்திரிகையாளர், ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்துப் பேசியவர். யுத்தத்துக்கும் பாசிசத்துக்கும் எதிராக மெல்போர்னில் கூடிய ஒரு மாநாட்டில் உரையாற்றுவதற்காக 1934 நவம்பரில் ‘ஸ்ட்ராத்எய்ர்ட்’ கப்பலில் வந்து சேர்ந்தார். அவரை இறங்கவிடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. கப்பல் மெல்போர்ன் துறையில் நின்றபோது, அவர் மேல்தளத்திலிருந்து கரைமேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். முறிந்த காலுடனேயே அவரைத் திரும்பத் தூக்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். சிட்னியில் நீதிபதி எவட், அவரைத் தடுத்து வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தார். கரையிறங்கிய கிஷ்ஷுக்கு உடனேயே சொல்வதெழுதும் பரீட்சை வைக்கப்பட்டது. ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவராயிற்றே, எந்த மொழியில் வைத்தால் அவர் தோற்பார் என்று தேடி, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வழங்கும் கேலிக் மொழியைப் பிடித்தார்கள். அம்மொழி தெரிந்த ஒரு போலீஸ்காரரைக் கொண்டு வாசிக்கச் செய்தார்கள். கிஷ் எழுத மறுத்தார். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஸ்காட்லாந்தின் கேலிக், அச்சட்டம் கருதும் பொருளில் ஓர் ஐரோப்பிய மொழியாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் டிசம்பரில் தீர்ப்பளித்துத் தண்டனையை நீக்கினர். நீதி கிடைத்தது என்று நாம் மகிழலாம். ஆனால் எனக்கு அந்த மகிழ்ச்சி முழுமையாக வருவதில்லை. ஒரு மனிதனுக்கு இழைத்த அநியாயத்தைத் துடைப்பதற்காக, பாட்டும் பழங்கதையும் நிறைந்த ஒரு பழம்பெரும் மொழியை, கணக்கில் சேராத மொழி என்று ஒரு நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. மொழியை ஆயுதமாகப் பிடிக்கிற சர்க்கார், யாருக்கு எதிராக அதை ஓங்குகிறதோ அவனை மட்டுமல்ல, அந்த மொழியையும் அவமதிக்கிறது. இரண்டே ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து வந்த மேபல் ஃப்ரீயர் என்ற ஆங்கில மாதுக்கு, அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய புகாரைச் சாக்காக வைத்து, இத்தாலிய மொழியில் அதே பரீட்சை வைக்கப்பட்டது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், சொற்ப ஜனத்தொகை கொண்ட தங்கள் கண்டத்துக்கு ஆட்கள் தேவை என்று உணர்ந்த ஆஸ்திரேலியர், 1945-ல் குடியேற்றத்துக்கென்றே ஓர் இலாகாவை அமைத்தனர். ஆர்தர் கால்வெல் அதன் முதல் மந்திரியானார். 1947-லிருந்து சில ஆண்டுகளில், ஐரோப்பிய முகாம்களில் வீடிழந்து நாடிழந்து கிடந்த ஏறத்தாழ 1,70,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முதலில் வந்த லாத்வியர், லிதுவேனியர், எஸ்தோனியர் ஆகியோரில் பலருக்கு ஆங்கிலம் அந்நியம். அவர்களை யாரும் ஐம்பது சொற்களை எழுதச் சொல்லவில்லை. மாறாக, ஐரோப்பிய முகாம்களிலேயே பாடம் தொடங்கியது. கப்பலிலும் வகுப்பு நடந்தது. விக்டோரியா மாநிலத்தில் பழைய ராணுவப் பாசறையாயிருந்த பொனகில்லா முகாமில் இறங்கியதும் மேலும் பாடம். முகாமை விட்டுத் தொலைதூரங்களுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு மாலை வகுப்புகளும், தபால்மூலப் பாடங்களும், வானொலிப் பாடங்களும் ஏற்பட்டன. குடியேறிய முதியோருக்கும் இளைஞருக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் அந்தத் திட்டம் 1948-லிருந்து இன்றுவரை அறுபடாமல் நடந்து வருகிறது.

அதில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவ்வகதிகள் இரண்டு ஆண்டுகள் சர்க்கார் காட்டிய வேலையைச் செய்யக் கட்டுப்பட்டவர்கள். ஆண்களைக் கூலியாட்களென்றும் பெண்களை வீட்டு வேலைக்காரிகளென்றும் பதிந்துகொண்டதால், சொந்த நாட்டில் வைத்தியராயிருந்தவர் ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்க நேர்ந்ததுண்டு. பகலெல்லாம் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்த கை, இரவில் எழுதுகோலைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உழைத்தவர்களுக்குத்தான் தெரியும். இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. பொனகில்லாவில் ஆசிரியர்கள் அன்போடு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஐம்பது சொல் பரீட்சையும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. 1958-ல்தான் அது எடுக்கப்பட்டது. ஐரோப்பியனுக்குக் கற்பித்த இலாகாவே ஆசியாவிலிருந்து வருகிறவனைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஆகையால், மொழியறியாமை ஒருபோதும் உண்மையான காரணமாக இருந்ததில்லை என்பது அவர்களுடைய காரியத்தாலேயே நிரூபணமாகிறது.

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு நான் வந்தடைந்த அபிப்பிராயம் இது. மொழிச் சட்டம் நல்லதா கெட்டதா என்று அறிய, கற்கத் தவறியவனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்க வேண்டும். துறைமுகப் பரீட்சையில் அவன் தோற்றபோது அதிகாரிக்குக் காரியம் முடிந்தது. வகுப்பில் அவன் கற்கத் தவறியபோது, அவனுக்காகச் செலவிட்ட அரசாங்கத்துக்கும், அவனுடைய உழைப்பை நம்பியிருந்த தேசத்துக்கும் அது தோல்வியாயிற்று. பொதுமொழி வேண்டும் என்று சொல்கிறவர்களின் கட்சியை நான் எளிதாகத் தள்ளவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்க மொழி வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் வைத்தியரிடம் சொல்ல மொழி வேண்டும். மொழியில்லாதவனை அவன் இனத்தானே ஏய்த்துப் பிழைக்கிறான் என்பதும் மெய். ஆகையால்தான், கற்றுக்கொள் என்று கேட்கிற உரிமை, கற்றுக்கொடுத்த பின்புதான் பிறக்கிறது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆஸ்திரேலியர் பின்னாட்களில் இந்த வழியில் வெகுதூரம் வந்தார்கள்: 1973-ல் தொலைபேசிமூலம் மொழிபெயர்ப்பு உதவி ஏற்படுத்தினார்கள், ஆங்கில வகுப்புக்கு ஆளொன்றுக்கு 510 மணி நேரம் இலவசமாக ஒதுக்கினார்கள், தாய்மார்கள் படிக்கும் வேளையில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். 2021-ல் அந்த 510 மணி என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். மொழி கைவரப்பெறுவதற்கு ஒருவருக்கு ஒரு காலமும் இன்னொருவருக்கு வேறொரு காலமும் ஆகும் என்பதை ஒப்புக்கொண்ட செய்கை இது.

நடுவில் ஒரு சறுக்கலும் நேர இருந்தது. 2017-ல் டர்ன்புல் அரசாங்கம், குடியுரிமை கோருகிறவர்களுக்கு ஆங்கிலத் தகுதியை மிகவும் உயர்த்தி, சர்வதேச ஆங்கிலத் தேர்வில் ஆறு புள்ளி வாங்கியாக வேண்டும் என்ற அளவுக்கு ஒரு மசோதா கொண்டுவந்தது; செனட் சபையில் அது ஈடேறவில்லை. கட்டுரை வடிவில் வாதம் எழுதிக் காட்டுமளவு ஆங்கிலம் அது. அறுபது வயது கடந்தவர்களுக்குக் குடியுரிமைப் பரீட்சையிலிருந்து விலக்கு உண்டு. பள்ளியில் ஆங்கிலம் படித்த இளைஞர்களுக்கும் கவலையில்லை. இடையில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து பெயர்ந்து, சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறிய நம்மவர்களிடையேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு: பள்ளிப் படிப்பு யுத்தத்தால் பாதியில் நின்றவர்கள், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், கடைக்காரரிடமும் வைத்தியரிடமும் பேசுமளவு ஆங்கிலம் தேடிக்கொண்டவர்கள். அந்த மசோதா சட்டமாகியிருந்தால், அவர்களில் தேர்வில் தவறியவர்கள் அந்நாட்டில் வாழ்நாள் முழுவதும் உழைத்து வரி கட்டியிருப்பார்கள். வாக்குரிமை மட்டும் வந்திருக்காது. தவறியதன் நஷ்டம் முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுந்திருக்கும். ஆகையால் அந்த மசோதாவையும் நான் பழைய பரீட்சையின் வம்சத்திலேயே சேர்க்கிறேன்.

கற்பிக்காமலே காலம் கடத்திய தேசத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஜெர்மனி சாட்சி. 1955-ல் இத்தாலியரையும் 1961-ல் துருக்கியரையும் ஒப்பந்தம் போட்டு அழைத்த அந்நாடு, அவர்களுக்கென்று மொழி வகுப்பைச் சட்டபூர்வமாக அமைத்தது 2005-ல்தான். இடைப்பட்ட அந்த நெடிய காலத்தை அடுத்த வாரம் விவரமாகப் பார்ப்போம்.

(தொடரும்)