ஊழியத்தில் சோர்வு: இரண்டு ஐயர்மார் நமக்குக் கற்பிப்பது





மிஷன் மருத்துவமனையின் வருடக் கணக்கில் மருந்துக்கு ஒரு தலைப்பு உண்டு. கட்டிடத்துக்கும் சம்பளத்துக்கும் உண்டு. ஊழியர்களின் உள்ளம் தேய்ந்துபோவதற்குத் தலைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அநேக இடங்களில் மருந்துப் பற்றாக்குறையைவிட அதிகமாக ஊழியத்தைத் தடை செய்வது இந்தத் தேய்வுதான். ஆகவே இந்த இதழில் ஆவிக்குரிய சோர்வைக் குறித்துச் சிந்திப்போம்.

சோர்வு என்றால் என்ன?

உடல் களைப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். ஆவிக்குரிய சோர்வு அப்படித் தீருவதில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும், ஜெபம் உதட்டளவில் நிற்கும். நோயாளியைப் பார்த்தால் இரக்கம் வராமல் எரிச்சல் வரும். "நான் செய்து என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழும். உலக சுகாதார நிறுவனமும் 2019ஆம் ஆண்டில் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: பலமெல்லாம் வற்றிப்போதல், வேலையின்மேல் வெறுப்பு, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம்.

இது விசுவாசக் குறைவா? கர்மேல் மலையில் அக்கினியை இறங்கப்பண்ணிய எலியாவே மறு அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும் கொடுத்தார். பிறகு அவன் மனக்குறையைக் கேட்டார். கடைசியில் எலிசாவைத் துணையாகக் காட்டி, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டென்று அறிவித்தார். ஆகாரம், இளைப்பாறுதல், பேச ஓர் இடம், உடன் ஊழியர்: கர்த்தரின் வைத்திய முறை இதுவே.

தரங்கம்பாடியில் ஒரு துக்கம்

1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயரை நாம் எல்லாரும் அறிவோம். தமிழைக் கற்றார், பள்ளிகளை நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். 1708ஆம் ஆண்டின் இறுதியில் டேனியக் கவர்னர் அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதச் சிறைவாசமும் அவரை ஊழியத்திலிருந்து விலக்கவில்லை.

ஆனால் கடைசி ஆண்டுகளில் அவரை வாட்டியது வேறொன்று. கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளராயிருந்த கிறிஸ்தியான் வெந்த் என்பவர் கடுமையான கண்டனக் கடிதங்களை எழுதினார். ஆலயமும் பள்ளியும் கட்டுவது எதற்கு, அப்போஸ்தலரைப்போல் வெறுங்கையோடு பிரசங்கித்தால் போதாதா என்பது அவருடைய வாதம். ஏற்கெனவே நோயினால் மெலிந்திருந்த ஐயருக்கு இது பெரும் மனவேதனையாயிற்று. 1719 பிப்ரவரி 23 அன்று, 36ஆம் வயதில், தேவனுடைய சமுகத்துக்குச் சென்றார். உடன் உழைத்த கிரூண்ட்லர் ஐயரும் மறு ஆண்டே மரித்தார்.

கடிதமே அவர்களைக் கொன்றது என்று சொல்லக்கூடாது. சரீர நோய் உண்மையானது. ஆயினும் சிறைச்சாலை சாதிக்காததைத் தாங்குகிறவர்களின் வார்த்தை சாதிக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது.

இந்த மண்ணில் நாற்பத்தெட்டு ஆண்டுகள்

1750இல் அதே தரங்கம்பாடிக்கு வந்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்து, 1778 முதல் தஞ்சாவூரில் நிலைத்திருந்தார். 1798 பிப்ரவரி 13இல் மரிக்கும்வரை ஏறக்குறைய 48 ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்தார். அவருக்கும் பாரம் குறைவாயிருக்கவில்லை. ஹைதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைச் சீமை பாழாகி, கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். கூலி கிடைக்காது என்று பயந்து குடியானவர்கள் மாடு தர மறுத்தார்கள். சுவார்ட்ஸ் ஐயர் கூலிக்குத் தாமே வாக்குக் கொடுத்தார். உடனே 1,000 மாடுகளுக்குமேல் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் கூலியை முழுவதும் கொடுத்து அனுப்பினார்.

இவ்வளவையும் சுமந்தவர் எப்படி நிலைத்து நின்றார்? அவர் தனியாகச் சுமக்கவில்லை. கிராமங்களிலிருந்து தானியம் சேர்க்கப் போனவர் ஓர் உபதேசியாரே. காலையில் உபதேசிமாரோடு கூடி ஜெபித்து, அவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புவார். மாலையில் திரும்பி வந்தவர்கள் நடந்ததைச் சொல்லக் கேட்டு, மறுபடியும் ஜெபித்து நாளை முடிப்பார். தாம் வளர்த்த யோவான் காஸ்பர் கோல்ஹாப் ஐயருக்கு 1787இலும், சத்தியநாதன் ஐயருக்கு 1790இலும் குருப்பட்டம் கிடைத்தது. சுவார்ட்ஸ் ஐயருக்குப் பின் கோல்ஹாப் ஐயர் 1844வரை தஞ்சாவூரில் ஊழியம் செய்தார். யாத்திராகமம் 18இல் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனை இங்கே நடைமுறையாயிற்று.

வாய்க்கால் மூடும் காலம்

நம் காவிரிப் பாசனத்துக்கு மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். அணை மூடியதை எந்த விவசாயியும் நஷ்டம் என்று எண்ணுவதில்லை. தண்ணீர் ஓடும்போது தூர் வார முடியாது, வாய்க்கால் வற்றிய கோடையில்தான் முடியும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரவயலில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போது தங்கள் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. ஊழியருக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும். சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷரை ஆண்டவர் தனியிடத்துக்கு அழைத்தாரே (மாற்கு 6).

சோர்ந்திருப்பவர்கள் செய்யவேண்டியவை:

1. வாரத்தில் ஒரு நாளை ஓய்வுக்கென்று பிரித்துவைத்து, அதைக் காத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று வேலை செய்யும் செவிலியருக்கும் போதகருக்கும் வேறொரு நாள் தேவை.

2. உண்மையைச் சொல்ல ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மேலதிகாரியாக இல்லாதிருப்பது நல்லது.

3. ஜெபிக்க வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அல்லது மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கக் கேட்டு அமர்ந்திருங்கள். அதுவும் ஜெபமே.

4. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் கெட்டு, மனம் இருண்டிருந்தால் மருத்துவரைக் காணுங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்வது எப்படி அவிசுவாசம் அல்லவோ, அப்படியே இதுவும் அவிசுவாசம் அல்ல.

பங்காளர்களாகிய நீங்கள்

உங்கள் காணிக்கை மருந்தாகவும் படுக்கையாகவும் மாறுகிறது. உங்கள் வார்த்தை ஊழியரின் உள்ளத்துக்குள் போகிறது. கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்பதும் நல்லது. எத்தனை நோயாளிகள், எத்தனை கட்டிடங்கள் என்று கேட்கும்போது, "அங்கே ஊழியம் செய்கிறவர்கள் சுகமாயிருக்கிறார்களா? விடுமுறை எடுத்தார்களா?" என்றும் கேளுங்கள். ஓய்வுக்குச் செலவிடும் பணத்தை வீண் என்று எண்ணாதிருங்கள். இந்த மாதம் உங்களுக்குத் தெரிந்த ஓர் உபதேசியாருக்கோ, செவிலியருக்கோ, மருத்துவருக்கோ, குறை எதுவும் சொல்லாமல், எதையும் கேட்காமல், நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். தரங்கம்பாடிக்கு அப்படிப்பட்ட கடிதம் அன்று தேவைப்பட்டது.

ஜெபக் குறிப்பு: இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்காகவும், தனியாகக் கிராம ஊழியம் செய்கிறவர்களுக்காகவும், சோர்வை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள். எலியாவைப் போஷித்த தேவன் அவர்களையும் உங்களையும் தாங்குவாராக. ஆமென்.