வீட்டுக்குள் வெள்ளித்திரை

மட்டக்களப்பு வாவியில், நிலவு காயும் அமைதியான இரவுகளில், நீருக்கடியிலிருந்து எழும் ஒரு மெல்லிய ஓசையைப் ‘பாடும் மீன்’ என்று உலகம் புகழ்கிறது. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமெர்சன் தெனன்ற், 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அதனைக் கேட்கத் தோணியேறிச் சென்றார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற் பிறக்கும் ஒலியை ஒத்திருந்தது அவ்வோசை என்று அவர் எழுதி வைத்தார். தோணியின் மரப்பலகையிற் காதைப் பொருத்திக் கேட்டபொழுது ஓசை மேலும் உரத்து ஒலித்தது என்பதையும் குறித்தார். ஒலிநூலின் முதற்பாடம் இச்சிறு செய்தியில் அடங்கியிருக்கிறது. ஒலி எங்கே பிறக்கிறது என்பது மாத்திரமன்று, எந்த வழியாக வந்து எந்த இடத்திற் செவியைச் சேர்கிறது என்பதும் கேள்வியின் நயத்தை நிருணயிக்கிறது.

இதே வாவியின் கரையில், மட்டக்களப்பிலிருந்து ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் தன்னாமுனை. இலங்கையில் 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ருவரியில் ரூபவாஹினி வந்தது. அக்காலத்தில் ஒரு சிறு பெட்டியின் முன் அயலார் கூடியிருந்து பார்த்தனர். இன்றோ, சுவரை அடைக்கும் அகலத்திரையும் அறையைச் சூழ்ந்து ஒலிக்கும் ஒலிபெருக்கிகளும் சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டன. பாலைவன வெயிலில் உழைக்கும் மகனோ மகளோ அனுப்பிய பணத்தைக் கொண்டு வாங்கும் பொருளாகவும் அது பல குடும்பங்களில் இருக்கிறது. தவறான பொருளை வாங்கிவிட்டால், வீணாவது காசு மட்டுமன்று; ஒருவருடைய உழைப்பின் ஆண்டுகளும் வீணாகும். ஆகவே தெரிவு செய்யும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலிற் செய்யவேண்டியது கடைக்குப் போவதன்று. வீட்டில் அளவுகோலை எடுப்பதேயாகும். பதினான்கு அடி நீளமும் பன்னிரண்டடி அகலமுங் கொண்ட ஒரு கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. திரை ஒரு குறுஞ்சுவரில் இருக்கும். பார்ப்போர் அதிலிருந்து எட்டடி தூரத்தில் அமர்வர். எட்டடி என்பது 96 அங்குலம். இதனை 1.6 ஆல் வகுத்தால் 60 வரும். திரைப்படம் பார்ப்பதற்கு உவந்த திரையின் மூலைவிட்ட அளவு, அங்குலக் கணக்கில், ஏறத்தாழ இதுவே. இந்தத் தூரத்தில் திரையின் அகலம் கண்ணுக்கு முப்பது பாகைக் கோணத்தை நிறைக்கும். கடைகளிற் கிடைப்பவை 55, 65 அங்குலத் திரைகள். செய்தியும் நாடகமும் மிகுதியாகப் பார்க்கும் வீட்டுக்கு 55 போதும். திரைப்படமே பெரிதென்போர் 65ஐ எடுக்கலாம். கூத்துக் களரியின் ஓரத்தில் ஒட்டி நிற்பவனுக்கு ஆட்டக்காரரின் கால் மட்டுமே தெரியும். தொலைவில் நிற்பவனுக்கு முகபாவம் தெரியாது. திரைக்கும் இவ்விதி பொருந்தும்.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றி விற்பனையாளர் அதிகம் பேசுவர். நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியையே பிரித்தறியும். 55 அங்குலத் திரையின் அகலம் 48 அங்குலம். அதில் 1920 புள்ளிகள் வரிசையாக அமைந்தால், ஏழடிக்கு அப்பால் இருப்பவருக்கு அவை தனித்தனியே தோன்றா. அதனினும் இருமடங்கு நெருக்கமான 3840 புள்ளிகளையுடைய ‘நான்கு கே’ திரையே இன்று பெரிய அளவுகளிற் பொதுவாகக் கிடைக்கிறது, அது போதும். அதற்கும் மேற்பட்ட ‘எட்டு கே’ திரைக்கு மேலதிகப் பணம் கொடுப்பது, எட்டடி தூரத்தில் அமரும் கண்ணுக்கு எந்தப் பயனையுந் தராது.

அடுத்தது திரையின் வடிவம். இன்றைய தொலைக்காட்சித் திரை 16க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்தது. திரைப்படங்களோ பல வடிவங்களிற் பிறந்தவை. 1953இல் ஹொலிவூட்டில் ‘தி றோப்’ என்னும் படத்துடன் சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வெளியாயிற்று. இத்தகைய படத்தின் அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.35 மடங்கு. 55 அங்குலத் திரையில் இது ஓடும்போது மேலும் கீழும் மூன்றங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட கறுப்புப் பட்டைகள் தோன்றும். இதற்கு மாறாக, 1952இல் வந்த ‘பராசக்தி’ போன்ற பழைய படங்கள் 4க்கு 3 என்ற விகிதத்தை ஒட்டியவை. அவற்றுக்கு இருபுறமும் ஆறங்குலம் கறுப்பாக நிற்கும். கறுப்புப் பட்டை பழுதன்று. அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்து விரித்தால், மெலிந்த இளைஞராகத் தோன்றும் சிவாஜி கணேசனின் முகம் பருத்து உருமாறிவிடும். படம் எடுத்தவர் கண்ட வடிவிலேயே அதைக் காண்பதுதான் முறை.

திரையின் வகை இரண்டு. ஒன்று, பின்னிருந்து விளக்கொளி பாய, முன்னுள்ள திரவப் பளிங்கு அதை மறைத்தும் விடுத்தும் படங்காட்டும் எல்.சி.டி. வகை. ‘எல்.ஈ.டி.’ என்று விற்பவற்றுட் பெரும்பாலானவை இதுவே. மற்றது, ஒவ்வொரு புள்ளியுந் தானே ஒளிரும் ஓ.எல்.ஈ.டி. வகை. பின்னதில் கறுப்பு முழுக்கறுப்பாக இருக்கும். இருண்ட அறையில் அதற்கு ஈடில்லை. ஆனால் விலை அதிகம். அசையாத சின்னம் நெடுநேரம் நின்றால் அதன் வடு பதியவுங் கூடும். வாவிக்கரை வீடுகளில் காற்றுக்காகச் சன்னல்கள் திறந்தே கிடக்கும். பகல் வெளிச்சம் உள்ளே நிறையும். அத்தகைய கூடத்துக்கு ஒளிமிக்க எல்.சி.டி. திரையே ஏற்றது. குடும்பத்தார் பரந்து அமர்ந்து பார்ப்பதாயின், கடையிலே மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று நிறம் வெளிறுகிறதா என்று பார்க்கவேண்டும். கடையின் கடும் வெளிச்சத்துக்காக நிறங்களை மிகைப்படுத்தியே திரைகளை ஓடவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் ‘சினிமா’ என்ற நிலைக்கு மாற்றினால் மனித முகத்தின் இயல்பான நிறந் தெரியும்.

திரையை எங்கே பொருத்துவது? அமர்ந்தவரின் கண்மட்டத்தில் திரையின் நடு இருக்கவேண்டும். நாற்காலியில் இருப்பவருக்கு அது நிலத்திலிருந்து சுமார் மூன்றரையடி. பாயில் இருப்பவருக்கு இரண்டரையடி. சாமிப்படம் மாட்டும் உயரத்தில் திரையை மாட்டிவிட்டு, இரண்டரை மணிநேரம் கழுத்தை அண்ணாந்து வருந்துவோர் பலர்.

இனி ஒலி. பெருந்திரை வாங்கிய வீட்டில் முதற் படம் ஓடும் இரவில், அம்மம்மா அருகிலிருப்போரைப் பார்த்து, “என்ன சொல்லுறான்?” என்று கேட்கிறார். ஒலியைக் கூட்டினால் வாத்தியம் முழங்குகிறது, பேச்சு தெளியவில்லை. சிறிது நேரத்தில் அவர் எழுந்து விறாந்தைக்குப் போய்விடுகிறார். குறை அவர் செவியில் மட்டுமில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மெலிய மெலிய அதன் ஒலிபெருக்கிகளுஞ் சிறுத்தன. அவற்றுட் பல கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன. பேச்சில் உயிரொலிகள் வலிமையைத் தருகின்றன. பொருளை வேறுபடுத்துபவை பெரும்பாலும் மெய்யொலிகளே. பால், கால், வால் என்னும் சொற்களைப் பிரிப்பது முதலெழுத்தின் மெய்யொலி அன்றோ? அவ்வொலிகளின் கூறுகள் உயர்ந்த அதிர்வுகளில் உள்ளன. முதுமையில் முதலில் மங்குவதும் அவ்வதிர்வுகளைக் கேட்கும் ஆற்றலே. ஆகவே பேச்சைத் தெளிவாக முன்நோக்கி ஒலிக்கும் ஒலிபெருக்கி ஆடம்பரமன்று. முதியோரை மீண்டும் கூடத்துக்கு அழைத்துவரும் உதவியாகும்.

‘ஐந்து புள்ளி ஒன்று’ என்னும் அமைப்பில் ஆறு பெட்டிகள் உண்டு. திரையின் நடுவிலுள்ளது பேச்சுக்கு உரியது. இடமும் வலமும் உள்ளவை இசைக்கும் அசைவுக்கும் உரியவை. இவையிரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைவது நன்று. எட்டடி தூரத்தில் அமர்ந்தால் அவற்றின் இடைவெளியும் எட்டடியாதல் வேண்டும். பக்கவாட்டில், செவிக்குச் சற்றுப் பின்னே, மேலும் இரண்டு. மழையும் கூட்டத்தின் ஆரவாரமும் அங்கிருந்து வரும். ஆறாவது, தாழ்ந்த முழக்கத்துக்கான பெரும்பெட்டி. வழக்கமாக வினாடிக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அதற்கு விடுவர். அவ்வொலியின் அலைநீளம் பதினான்கு அடிக்கும் மேல்; அதனால் அது எத்திசையிலிருந்து வருகிறதென்று செவி அறியாது. பெட்டியை எங்கும் வைக்கலாம் என்றாலும், மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். நல்லிடங் காண எளிய வழி ஒன்றுண்டு: பெட்டியைத் தற்காலிகமாக அமருமிடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாக நடந்து கேட்கவேண்டும். முழக்கம் அளவாகவும் தெளிவாகவும் கேட்கும் இடமே பெட்டிக்கு உரிய இடம்.

ஆறு பெட்டிக்கு இடமும் பணமும் இல்லாதார் வருந்தவேண்டியதில்லை. நடுவில் தனி ஒலிபெருக்கி கொண்ட ‘சவுண்ட்பார்’ ஒன்றோ, தரமான இரண்டு பெட்டிகளோ போதும். பழைய தமிழ்ப் படங்களின் ஒலி ஒற்றைத் தடத்திற் பதிவானது; அவற்றுக்கு ஆறு பெட்டிகளால் மேலதிக நயம் விளையாது. மலிந்த ஆறினும் நல்ல இரண்டு மேல். மொத்தப் பணத்தில் மூன்றிலொரு பங்கையாவது ஒலிக்கென ஒதுக்கியபின் திரையின் அளவை முடிவு செய்வது அறிவுடைமை.

பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. ‘பி.எம்.பி.ஓ.’ என்ற பெயரால் குறிக்கும் எண், கணநேர உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் விளம்பர எண். தொடர்ந்து தரக்கூடிய ‘ஆர்.எம்.எஸ்.’ வாட் எண்ணையே கேட்டறிய வேண்டும். வாட் இருமடங்கானால் ஒலி மூன்று டெசிபல்லே கூடும்; செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். அன்றியும், இரண்டு பெட்டிகளை ஒப்பிடுகையில் உரத்து ஒலிப்பதே நல்லதுபோல் தோன்றும். எனவே ஒரே அளவு ஒலியில் வைத்து, நன்கு பழகிய ஒரு பாடலைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

எத்தனை நல்ல பெட்டியாயினும் அறை ஒத்துழையாவிட்டால் பயனில்லை. 1895இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்திற் சொன்ன சொல் ஐந்தரை வினாடி வரை எதிரொலித்து, மாணவர் எதையும் விளங்கமாட்டாதிருந்தனர். வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், இரவு தோறும் அயலிலுள்ள அரங்கிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறதென அளந்தார். கட்டட ஒலியியல் அம்மெத்தைகளிற் பிறந்தது. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள கூடத்துக்கும் மருந்து அதுவே. நிலத்திற் பன்பாயும் அதன்மேல் தடித்த விரிப்பும், சன்னலுக்கு மருதமுனைக் கைத்தறியில் மடிப்பு மிகுந்த திரைச்சீலையும், பின்சுவரில் நூல்கள் நிறைந்த அலுமாரியும் இருந்தால், பெரும் பணம் கொடுத்து வாங்கும் கருவி தராத தெளிவு கிடைக்கும்.

வாவிக்கரைக்கே உரிய எச்சரிக்கைகளும் உண்டு. உவர்க்காற்று செப்புக் கம்பியின் முனைகளைப் பாசிபிடிக்கச் செய்யும். ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்து இறுக்க வேண்டும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். வடகீழ்ப்பருவ மழைக்கால ஈரம் அங்கே தங்கலாகாது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமின்னல் மிகுதி. மின்னெழுச்சிக் காப்புக் கருவி சிறு ஏற்றத்தாழ்வைத் தாங்கும். அருகில் விழும் இடியைத் தாங்காது. வானம் கறுக்கும்போதே மின்செருகியையும் அன்ரெனாக் கம்பியையும் கழற்றிவிடுதலே உறுதியான காவல்.

கடைசியாக, அயலவர். தாழ்ந்த முழக்கத்துக்கு வேலியும் இல்லை, சுவரும் இல்லை. அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயுற்றுக் கிடப்பவருக்கும் திரையில் நடக்கும் போர் தெரியாது. அதிர்ச்சி மட்டுமே தெரியும். இரவு ஒன்பதுக்குப்பின் ஆறாவது பெட்டியை அணைத்துவிட்டாலும் பேச்சும் பாட்டும் குறைவதில்லை.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கிய விபுலானந்த அடிகள், பண்டைய யாழின் சுரங்களைக் கணித அளவைகொண்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். செவியையும் கணக்கையும் ஒருங்கே நம்பிய நாடு இது. அளவுகோலைக் கையில் எடுத்து, செவியைத் தீட்டிக்கொண்டு கடைக்குச் செல்பவர் ஏமாறார். அவர் வீட்டுக் கூடத்தில் படம் ஓடும்போது அம்மம்மாவும் எழுந்து போகமாட்டார். படம் முடிந்து பெட்டியை அணைத்தபின், வாவியின் பக்கமிருந்து வரும் மெல்லோசையும் அந்தச் செவிகளுக்குக் கேட்கும்.